விருந்தும் மருந்தும் தீர்க்கதரிசியும்

பொழுது சாய்ந்த நேரம், யாரோ கதவைத் தட்டுகிறார்கள். வருஷம் கி.பி. 100-ஐ ஒட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊர், சீரியாவில் வாரச்சந்தை கூடுகிற ஏதோ ஒரு சிற்றூர். வீட்டம்மா மறுநாள் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருக்கிறாள். வீட்டுக்காரர் எழுந்து போய்த் திறக்கிறார். முழங்கால் வரைக்கும் புழுதி, நெஞ்சு வரைக்கும் தாடி, கையில் ஒரு தடி, அதற்கு மேல் ஒன்றுமில்லை. "இந்த வீட்டுக்குச் சமாதானம்" என்கிறார் வந்தவர். "நான் தீர்க்கதரிசி."

வீட்டுக்காரர் மனைவியைப் பார்க்கிறார். மனைவி மாவைப் பார்க்கிறாள்.

நாலு பேருக்குப் பிசைந்த மாவு. கொஞ்சம் தண்ணீர் கூட்டினால் ஐந்து பேருக்கு நீட்டிவிடலாம், அது பெரிய காரியமில்லை. வந்தவர் நிஜமாகவே தீர்க்கதரிசியாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான் வயிற்றைக் கலக்குகிறது. அவரைத் திருப்பி அனுப்புவது ஆண்டவரையே வாசலோடு அனுப்பினதாகிவிடும். டூப்ளிகேட்டாக இருந்துவிட்டாலோ, இரண்டு வாரத்தில் எண்ணெய் ஜாடி காலி, மாடத்தில் இருந்த வெள்ளிக்காசும் காலி. அடையாள அட்டை இல்லாத காலம். இறையியல் கல்லூரிப் பட்டம் கிடையாது, முத்திரை குத்திய கடிதத்தாள் கிடையாது. "பேதுருவோடு உட்கார்ந்து மீன் தின்றவரோடு உட்கார்ந்து மீன் தின்றவன் நான்" என்று எவனும் சொல்லிக்கொள்ளலாம்.

சிபாரிசுக் கடிதம் கேட்கலாமே என்றால் அதிலும் போலி வந்துவிட்டது. தெசலோனிக்கேயருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில், என் பேரில் கடிதம் வந்தால் உடனே கலங்கிவிடாதீர்கள், கடைசி வாழ்த்தை நானே என் கையால் எழுதுவேன், அதுதான் அடையாளம் என்கிற ரீதியில் பவுல் கையெழுத்துச் சாட்சி வைக்கிறார். வேடிக்கை என்னவென்றால், அந்த நிருபமே பவுல் எழுதியதுதானா என்று வேதாகம அறிஞர்கள் இன்றுவரை இரண்டு கட்சியாக நின்று மல்லுக்கட்டுகிறார்கள்.

இந்தத் தலைவலிக்கு மருந்தாகச் சபைக்காரர்கள் ஒரு கையேடு வைத்துக்கொண்டார்கள். பெயர் டிடாக்கே. கிரேக்கத்தில் போதனை என்று பொருள். முதல் நூற்றாண்டின் கடைசியிலோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ எழுதப்பட்டது. ஞானஸ்நானத்துக்கு எந்தத் தண்ணீர், உபவாசம் எந்தக் கிழமை (புதனும் வெள்ளியும்) என்றெல்லாம் சொல்லிக்கொண்டு வந்து, 11-ஆம் அதிகாரத்தில் வாசலில் நிற்கிற ஆளிடம் வருகிறது. வேறு மாதிரி போதிப்பவனுக்குக் காது கொடுக்காதே என்று உபதேசத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்கிறது. அடுத்த மூச்சிலேயே உண்மையான கேள்விக்கு வந்துவிடுகிறது: ஆள் எத்தனை நாள் தங்குகிறான்?

ஒரு நாள் தங்கலாம். தேவைப்பட்டால் இரண்டு. மூன்றாம் நாளும் பாயைச் சுருட்டவில்லை என்றால் அவன் கள்ளத் தீர்க்கதரிசி. விசாரணை முடிந்தது.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று கண்டுபிடித்த நம் பாட்டிமார் இதைப் படித்தால் ஒரே ஒரு திருத்தம்தான் போடுவார்கள். நம்மூரில் மூன்றாம் நாளும் விருந்துக் கணக்கில் சேரும். சீரியாக்காரர்கள் ஒரு நாள் கெட்டி.

கிளம்புகிறபோது அடுத்த ஊர் போய்ச் சேர்கிற வரைக்கும் ரொட்டி கட்டிக் கொடு, அதோடு சரி. பணம் கேட்டானா? கள்ளத் தீர்க்கதரிசி. இதுவரைக்கும் எந்தக் குடும்பஸ்தனுக்கும் புரிகிற சட்டம். அடுத்ததுதான் வில்லங்கம். ஆவியில் பேசிக்கொண்டிருக்கிற தீர்க்கதரிசியைச் சோதிக்கக் கூடாது, அது மன்னிப்பே இல்லாத பாவம். குறுக்கு விசாரணைக்குத் தடை போட்டாயிற்று. பிறகு எப்படித்தான் கண்டுபிடிப்பது? நடத்தையை வைத்து என்கிறது கையேடு. பேசுகிறபோது வாயைச் சோதிக்காதே. பேசி முடித்தபின் கையைப் பார், வயிற்றைப் பார். அதற்கு உதாரணமும் கொடுக்கிறது. ஆவியில் இருக்கிறபோது "இங்கே ஒரு பந்தி போடுங்கள்" என்று கட்டளையிட்டுவிட்டு, அந்தப் பந்தியில் தானே உட்கார்ந்து சாப்பிடுகிறவன் கள்ளன்.

இப்படி ஒரு விதியை யாரும் சும்மா உட்கார்ந்து யோசித்து எழுதமாட்டார்கள். யாரோ ஒருவர் வீட்டில் யாரோ ஒருவர் பரவசத்தில் கண் மேலே செருகி, கைகளை விரித்து, வானத்திலிருந்து வந்த குரலில் ஆட்டுக்கறி கேட்டிருக்கிறார். நிச்சயம்.

என் ஆச்சி திருநெல்வேலிச் சீமைக்காரி. டிடாக்கே என்ற பெயரைக் காதால் கேட்டவளில்லை. எங்கள் வீட்டுக்கு மத்தியான வேளை பார்த்து வந்துபோகிற ஊழியக்காரர் ஒருவர் இருந்தார், பெயர் வேண்டாம். ஒருநாள் முழங்காலில் நின்று ஜெபிக்கிறபோதே குரல் மாறி, "ஆண்டவர் ஒரு கருப்புக் கோழியைக் காண்பிக்கிறார்" என்றார். எங்கள் கொல்லையில் மொத்தமே ஒரு கருப்புக் கோழிதான். ஆச்சி கண்ணைத் திறக்கவில்லை. "எனக்கும் காமிச்சாருய்யா. அது அடையில உக்காந்திருக்கு, யாரும் கிட்டப் போகாதீங்கன்னு காமிச்சாரு" என்றாள். அன்றைக்கு ஜெபம் வழக்கத்தைவிடச் சீக்கிரம் முடிந்தது. புளிக்குழம்பும் சுட்ட அப்பளமும் போட்டு அனுப்பினோம். கவனியுங்கள், ஆச்சி அவரைக் கள்ளன் என்று சொல்லவில்லை, வெளியே போ என்றும் சொல்லவில்லை. ஆவியில் பேசுகிறவரைச் சோதிக்கக் கூடாது என்ற விதியை எழுத்துப் பிசகாமல் காப்பாற்றினாள். கோழியையும் காப்பாற்றினாள்.

டிடாக்கேக்குத் திரும்புவோம். எனக்கு வெள்ளி கொடுங்கள் என்று ஆவியில் கேட்டால் காது கொடுக்காதே. இல்லாத ஏழைகளுக்குக் கொடுங்கள் என்று கேட்டால் அவரை யாரும் நியாயந்தீர்க்க வேண்டாம். ஊரிலேயே தங்கிவிடுகிறேன் என்று சொல்கிற சாதாரண வழிப்போக்கனுக்கு ஒரே கேள்வி: என்ன தொழில் தெரியும்? தெரிந்த தொழிலைச் செய்து சாப்பிடட்டும். தொழில் தெரியாதவனா, யோசித்து ஏதாவது வழி செய்யுங்கள், ஆனால் கிறிஸ்தவன் என்ற பெயரில் ஒருவன் சோம்பேறியாக உட்கார்ந்து தின்னக் கூடாது. அதற்கும் மசியாதவனுக்கு ஒரு பட்டம் வைத்திருக்கிறார்கள். கிறிஸ்தெம்போரோஸ். கிறிஸ்துவை வைத்து வியாபாரம் பண்ணுகிறவன். எம்போரோஸ் என்றால் ஊர் ஊராகச் சரக்குக் கொண்டுபோய் விற்கிற வணிகன். கடைத்தெருவில் உட்கார்ந்து சில்லறைக்கு விற்கிறவனுக்குக் கிரேக்கத்தில் வேறு பெயர் இருக்கிறது. சரக்கு வந்து இறங்கி நாற ஆரம்பித்த பிறகுதான் அதற்கு ஒரு பெயர் தேவைப்படும். கிறிஸ்து சிலுவையில் அறையப்பட்டு எழுபது எண்பது வருஷத்துக்குள் இந்தச் சொல் தேவைப்பட்டுவிட்டது.

இவ்வளவு கறாராக வந்த கையேடு, 13-ஆம் அதிகாரத்தில் பொத்தென்று விழுகிறது. நிஜத் தீர்க்கதரிசி ஒருவர் உங்கள் ஊரில் குடியேற விரும்பினால் ஆலையில் முதல் திராட்சரசம் அவருக்கு, களத்தில் முதல் தானியம் அவருக்கு, மாட்டிலும் ஆட்டிலும் முதற்பலன் அவருக்கு. மாவு பிசைந்தால் முதல் பங்கு, எண்ணெய் ஜாடி திறந்தால் முதல் பங்கு, காசிலும் துணியிலும்கூட. அவர்தான் உங்கள் பிரதான ஆசாரியர். அதாவது முதல் இரண்டு நாள் வாயையும் வயிற்றையும் கட்டத் தெரிந்த ஆளுக்கு ஆயுள் முழுக்கக் கறிச்சோறு. 11-ஆம் அதிகாரத்தை எழுதியவரும் 13-ஆம் அதிகாரத்தை எழுதியவரும் ஒரே ஆளாக இருக்க முடியாது என்பது என் சொந்த ஆராய்ச்சி. முன்னதை மாவு பிசைகிற வீட்டம்மா சொல்லச் சொல்ல யாரோ எழுதியிருக்க வேண்டும். பின்னதை, ஏற்கெனவே குடியேறிவிட்ட தீர்க்கதரிசி ஒருவர் சாப்பிட்டுக் கை கழுவிய ஈரத்தோடு எழுதியிருக்க வேண்டும்.

இதே காலத்தை ஒட்டி ரோம் நகரத்தில் ஹெர்மாஸ் என்று ஒருவர். அடிமையாக விற்கப்பட்டு விடுதலையானவர். மேய்ப்பர் என்ற தலைப்பில் தன் தரிசனங்களை நீளமாக எழுதி வைத்தார். நீளம் என்றால் கொட்டாவி விடுகிற நீளம். ஆனால் அதில் ஒரு காட்சி தங்கம். சில பேர் பெஞ்சியில் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒருவர் மட்டும் தனி நாற்காலியில். பெஞ்சியில் இருப்பவர்கள் விசுவாசிகள், நாற்காலியில் இருப்பவர் கள்ளத் தீர்க்கதரிசி. குறி கேட்க வருகிறவர்கள் மாதிரி ஆட்கள் அவரிடம் வந்து கேட்கிறார்கள், அவர்கள் என்ன கேட்க ஆசைப்படுகிறார்களோ அதையே சொல்லி அனுப்புகிறார். கூலி கொடுத்தால்தான் தரிசனம். கொடுக்காவிட்டால் வானம் மூடிக்கொள்ளும். நல்லவர்கள் நிறைந்த சபைக்கு நடுவில் கொண்டுபோய் நிறுத்தினாலோ வாயே வராது. கிடங்கில் நிறைந்த ஜாடிகளுக்கு நடுவே வைத்த வெறும் ஜாடி, திரும்ப எடுக்கிறபோதும் வெறும் ஜாடியாகத்தானே இருக்கும் என்கிறார் ஹெர்மாஸ். இரண்டாம் நூற்றாண்டிலேயே மேடையில் தனி நாற்காலி பிரச்சினையாகியிருக்கிறது என்பதோடு நான் நிறுத்திக்கொள்கிறேன்.

இவ்வளவு விதிகள் இருந்தும் ஏமாந்தார்களா? ஏமாந்தார்கள், பேஷாக. அந்தக் கதையை நமக்குச் சொன்னவர் கிறிஸ்தவர் இல்லை. சமோசத்தா ஊரைச் சேர்ந்த லூசியன், யாரைக் கண்டாலும் கிண்டல் பண்ணுகிற கிரேக்க எழுத்தாளர். கதாநாயகர் பெயர் பெரெக்ரினுஸ், ஹெல்லஸ்பாண்ட் கடற்கரையில் பாரியம் ஊர்க்காரர். பெற்ற தகப்பனை, அறுபது வயதைத் தாண்டியும் சாகமாட்டேன் என்கிறாரே என்று கழுத்தை நெரித்துக் கொன்றவர் என்ற பேச்சு ஊரில் கிளம்பியதும் பயணம் புறப்பட்டார். பாலஸ்தீனத்தில் கிறிஸ்தவர்களைச் சந்தித்தார். லூசியன் கணக்குப்படி, கொஞ்ச காலத்தில் கற்பித்தவர்களையே பச்சைப் பிள்ளைகளாக்கிவிட்டு, தீர்க்கதரிசி, சபைத் தலைவர், வேத வியாக்கியானி எல்லாம் அவரே. புத்தகங்கள் வேறு எழுதித் தள்ளினார்.

அந்த நேரம் பார்த்து அரசாங்கம் அவரைச் சிறையில் போட்டது. அவருக்கு அடித்தது யோகம். விடியற்காலையிலேயே சிறை வாசலில் கிழவிகளும் விதவைகளும் அநாதைப் பிள்ளைகளும் கூடிவிடுவார்கள். சபைப் பெரியவர்கள் காவலருக்கு லஞ்சம் கொடுத்து உள்ளேயே அவரோடு படுத்துக்கொள்வார்கள். வகைவகையாகச் சாப்பாடு உள்ளே போகும், வேதவாசிப்பும் கூடவே நடக்கும். புதிய சாக்ரடீஸ் என்று பட்டம். ஆசியா மாகாணத்து நகரங்களிலிருந்தெல்லாம் சபைச் செலவில் ஆட்கள் வந்து ஆறுதல் சொல்லிப் பணம் கொடுத்துவிட்டுப் போனார்கள். டிடாக்கேயின் இரண்டு நாள் விதி இங்கே எப்படிச் செல்லும்? ஆள் கிளம்ப மாட்டேன் என்றா சொன்னார்? அரசாங்கம்தான் விடவில்லை. பணமும் அவர் கேட்கவில்லை, தானாக வந்தது. சட்டத்தில் ஓட்டை கண்டுபிடித்தவர்களில் இவர் ராஜா.

சீரியாவின் ஆளுநர் தத்துவ ஈடுபாடு உள்ளவர். இந்த மனுஷன் தியாகிப் பட்டத்துக்காகச் சாகவே ஆசைப்படுகிறான், தண்டித்தால் அவனுக்குத்தான் லாபம் என்று புரிந்துகொண்டு ஒன்றும் செய்யாமல் விட்டுவிட்டார். ஏமாற்றுக்காரரைச் சபை இனம் காண்பதற்கு முன்பே ஒரு ரோமானிய அதிகாரி இனம் கண்டுவிட்டார். கொஞ்சம் சங்கடமான விஷயம்தான்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. சபை கடைசியில் அவரை வெளியே தள்ளியது. காரணம், அவருடைய திரித்துவ உபதேசமும் இல்லை, தகப்பன் கொலையும் இல்லை. தின்னக்கூடாத ஏதோ ஒன்றைத் தின்கிறபோது பார்த்துவிட்டார்களாம், அப்படித்தான் நினைக்கிறேன் என்கிறார் லூசியன். விடுதலையான பிறகும் ஊர் ஊராய்ச் சபைக் காசில் திரிந்துகொண்டிருந்தவரைக் கடைசியில் காட்டிக்கொடுத்தது அவர் தட்டுத்தான். வீட்டம்மா எழுதிய அதிகாரம் வென்றது.

அதற்குப் பிறகு அவர் தாடியும் தடியுமாகச் சினிக் தத்துவ ஞானியாகி, 165-ஆம் ஆண்டு ஒலிம்பிக் விளையாட்டின் முடிவில் ஒலிம்பியாவுக்குப் பக்கத்தில் சிதை மூட்டி, நிலா எழும்பிய நேரத்தில் அதில் குதித்துச் செத்தார். முந்தின ஒலிம்பிக்கிலேயே தேதி அறிவித்தாயிற்று. நாலு வருஷ விளம்பரம். குதிப்பதற்குச் சில நாள் முன்பு அவர் பேசியபோது கூட்டத்தில் பாதிப்பேர் எங்களுக்காக உயிரோடிருங்கள் என்று கத்தினார்களாம். மீதிப்பேர், சொன்னபடி செய்யும் என்று கத்தினார்களாம். அதைக் கேட்டுக் கிழவர் முகம் வெளுத்துவிட்டது என்று லூசியன் குதூகலிக்கிறார். லூசியனை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஏதென்ஸ் நகருக்கு வெளியே ஒரு குடிசையில் பெரெக்ரினுஸை நேரில் போய்ப் பார்த்த ஔலுஸ் கெல்லியுஸ், கண்ணியமும் உறுதியும் உள்ள மனிதர் என்றுதான் எழுதியிருக்கிறார்.

சிதையிலிருந்து திரும்புகிற வழியில் லூசியன் ஒரு குறும்பு செய்தார். என்ன நடந்தது என்று விசாரித்தவர்களில் புத்திசாலிகளுக்கு உள்ளதைச் சொன்னார். வாயைப் பிளந்து கேட்டவர்களுக்கு, நெருப்பிலிருந்து ஒரு கழுகு எழும்பி மனிதக் குரலில் பேசிக்கொண்டே வானத்துக்குப் போயிற்று என்று அளந்துவிட்டார். திருவிழாக் கூட்டத்துக்குள் வந்து சேர்ந்தால், நரைத்த தலையும் கம்பீரமான தாடியுமாக ஒரு பெரியவர் ஆட்களைக் கூட்டிவைத்துப் பேசிக்கொண்டிருக்கிறார். எரிந்துபோன பெரெக்ரினுஸைச் சற்று முன்புதான் வெள்ளை உடையில், தலையில் ஒலிவ மாலையோடு பார்த்தாராம். அதோடு, அந்தக் கழுகு பறந்ததையும் என் கண்ணால் பார்த்தேன் என்று சத்தியம் செய்கிறார். லூசியன் விட்ட கழுகு லூசியனுக்கு முன்னால் வந்து சேர்ந்துவிட்டது.

அடுத்தது பிரிகியா, இன்றைய துருக்கியின் உட்பகுதி. இரண்டாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அங்கே மொன்டானுஸ் என்று ஒருவர் ஆவியில் பேச ஆரம்பித்தார். கூடவே பிரிஸ்கில்லா, மாக்ஸிமில்லா என்று இரண்டு பெண் தீர்க்கதரிசிகள். பெப்பூசா, திமியோன் என்கிற இரண்டு சின்ன ஊர்களுக்கு எருசலேம் என்று பெயர் வைத்து எல்லோரையும் அங்கே வரச்சொன்னார்கள். (பெப்பூசா எங்கே இருந்தது என்பதே மறந்துபோய், 2000-ஆம் ஆண்டு ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பேட்டர் லாம்பே தலைமையில் போனவர்கள்தான் இடத்தைக் கண்டோம் என்று அறிவித்தார்கள். எருசலேம் என்று பெயர் மாற்றிய ஊருக்கு நேர்ந்த கதி.)

இவர்களைத் தணிக்கை செய்தவர் அப்பொல்லோனியுஸ் என்ற எழுத்தாளர். அவர் போட்ட பட்டியலை யூசேபியுஸ் தன் திருச்சபை வரலாற்றில் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார். தீர்க்கதரிசி தலைக்குச் சாயம் பூசுவாரா? கண்ணுக்கு மை இழுப்பாரா? அலங்காரத்தில் பிரியப்படுவாரா? தாயக்கட்டை உருட்டுவாரா? வட்டிக்கு விடுவாரா? இதெல்லாம் சரியா தப்பா என்று முதலில் அவர்கள் சொல்லட்டும், நடந்ததை நான் காட்டுகிறேன் என்று சவால் விடுகிறார். திரித்துவம் பற்றியும் கேட்கவில்லை, அவதாரம் பற்றியும் கேட்கவில்லை. தலைச்சாயம்! மேலும், பிரசங்கம் பண்ணுகிறவர்களுக்கு மொன்டானுஸ் சம்பளம் ஏற்பாடு செய்தார் என்பது அவருக்குப் பெரிய குற்றம். இந்த ஒரு குற்றச்சாட்டை வைத்துக்கொண்டு இன்றைக்கு எந்தச் சபையிலும் வழக்குப் போட முடியாது.

தேமிசோ என்று ஒருவர், சிறைக்குள் போய்ப் பெரும்பணம் கொடுத்து வெளியே வந்துவிட்டு, தியாகி என்று சொல்லிக்கொண்டு அப்போஸ்தலர் பாணியில் நிருபம் எழுதினாராம். அலெக்சாந்தர் என்று இன்னொரு தியாகி. அவர் எபேசுவில் தண்டனை பெற்றது கிறிஸ்துவின் பெயருக்காக அல்ல, கொள்ளைக்காக, வேண்டுமானால் அரசாங்க ஆவணக் களரியில் போய்க் கேட்டுப் பாருங்கள் என்கிறார் அப்பொல்லோனியுஸ். இந்தத் தியாகியும் ஒரு பெண் தீர்க்கதரிசியும் ஒரே பந்தியில் உட்காருகிறார்களே, இதில் யார் பாவத்தை யார் மன்னிப்பது என்றும் கேட்கிறார். நியாயமான சந்தேகம்.

மாக்ஸிமில்லா செய்த தவறு தேதி சம்பந்தப்பட்டது. தன் காலத்துக்குப் பின் யுத்தங்களும் கலகங்களும் வரும் என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார். பெயர் தெரியாத ஒரு எதிர்ப்பாளர் வருஷத்தை எண்ணிக்கொண்டே இருந்தார். அந்தம்மா போய்ப் பதின்மூன்று வருஷத்துக்கு மேலாகிறது, உலகத்திலும் யுத்தமில்லை, உள்ளூரிலும் யுத்தமில்லை, கிறிஸ்தவர்களுக்குக்கூட நிம்மதியாகத்தான் இருக்கிறது என்று எழுதினார். உலகம் அமைதியாக இருப்பதில் ஒரு மனிதருக்கு இவ்வளவு திருப்தியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். மொன்டானுஸ் கட்சியார் எழுதியதெல்லாம் அநேகமாக அழிந்துபோயிற்று. எதிர்க்கட்சி அறிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு ஆளுங்கட்சியின் வரலாறு எழுதுகிற கதைதான் நமக்கு மிச்சம். தலைச்சாயம் நிஜமா, வதந்தியா, யார் கண்டது? கார்த்தேஜ் நகரத்துத் தெர்த்துல்லியன் லேசுப்பட்ட ஆளில்லை. கள்ளப் போதகர்களை வேதத்தை வைத்து வாதாடவே அனுமதிக்கக் கூடாது என்று வக்கீல் பாஷையில் ஒரு புத்தகமே போட்டவர். அவரே பிற்பாடு இந்தப் புதிய தீர்க்கதரிசனத்துக்காகப் பேனாவைத் தூக்கினார். வாசலுக்குப் பூட்டுச் செய்துகொடுத்த ஆசாரியே சாவியை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குக் குடிபோன மாதிரி.

சாயமும் வட்டியும் இருந்தால் பிடித்துவிடலாம். ஒன்றுமே இல்லாதவரை என்ன செய்வது? மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹிப்போலித்துஸ் தானியேல் புத்தகத்துக்கு எழுதிய உரையில் இரண்டு சம்பவம் சொல்கிறார். முதலாவது சீரியாவில். ஒரு சபைத் தலைவர் கிறிஸ்துவை எதிர்கொண்டு அழைக்கலாம் வாருங்கள் என்று பெண்டு பிள்ளைகளோடு ஒரு கூட்டத்தையே வனாந்தரத்துக்கு நடத்திக்கொண்டு போனார். மலையிலும் வழியிலும் அலைந்து திரிந்த அவர்களைக் கொள்ளைக் கூட்டம் என்று நினைத்து ஆளுநர் பிடித்து முடித்துவிட இருந்தார். ஆளுநர் மனைவி விசுவாசியாக இருந்ததால், அந்தம்மா கெஞ்சி விஷயத்தை அமுக்கினார். இங்கேயும் ஒரு வீட்டம்மாதான்.

இரண்டாவது பொந்து நாட்டில். அங்கே இருந்த சபைத் தலைவர் பக்தியும் தாழ்மையும் உள்ளவர் என்று ஹிப்போலித்துஸே சொல்கிறார். காசு கேட்கவில்லை, தலைக்குச் சாயமில்லை. மூன்றாம் நாள் கிளம்பச் சொல்லவும் முடியாது, உள்ளூர்க்காரர். ஒரு குறை மட்டும்: வேதத்தைவிடத் தன் சொப்பனத்தை நம்பினார். ஒரு கனவு கண்டார், இரண்டாவது கண்டார், மூன்றாவதும் கண்டார். ஒரு வருஷத்துக்குள் நியாயத்தீர்ப்பு என்று சபையில் எழுந்து சொன்னார். சொன்னதோடு நிற்காமல், நான் சொன்னபடி நடக்காவிட்டால் வேதத்தையும் நம்பாதீர்கள், அவரவர் இஷ்டம் போல இருங்கள் என்று பந்தயம் வேறு கட்டினார். ஏமாற்றுக்காரன் எவனும் இப்படிப் பேசமாட்டான். அவன் எப்போதும் ஒரு பின்வாசலைத் திறந்தே வைத்திருப்பான். பின்வாசலையும் அடைத்துவிட்டுப் பேசுகிற ஆள், சொன்னதை முழுசாக நம்புகிற ஆள்.

சபை இரவும் பகலும் அழுதது. உழவு நின்றது. இனி எதற்கு என்று பலர் சொத்தை விற்றார்கள். விற்றவர்களிடம் வாங்கியவர்களும் இருந்திருப்பார்களே, அவர்கள் என்ன நினைத்துக்கொண்டு வாங்கினார்கள் என்பதைத்தான் எந்த வரலாற்று ஆசிரியரும் எழுதி வைப்பதில்லை. வருஷம் முடிந்தது. மறுநாள் காலை சூரியன் வழக்கமான பக்கத்திலேயே உதித்தது. தலைவர் வெட்கப்பட்டார், வேதம் பொய்யாகவில்லை. ஆண்டவருக்கென்று காத்திருந்த கன்னிப்பெண்கள் கல்யாணம் பண்ணிக்கொண்டார்கள், ஆண்கள் ஏரைத் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போனார்கள், விற்றவர்கள் பிச்சை எடுத்தார்கள்.

கையேட்டின் எந்த விதியும் இவரைப் பிடித்திருக்காது. கள்ளனைக் கண்டுபிடிக்க ஆயிரம் சோதனை வைத்தவர்கள், கனவு கண்ட நல்லவருக்கு ஒரு சோதனையும் வைக்கவில்லை.

கையேட்டுக்கு என்ன ஆயிற்று என்று சொல்ல வேண்டும். நாலாம் நூற்றாண்டில் யூசேபியுஸ் புத்தகங்களை வகை பிரிக்கிறபோது, இதை அங்கீகாரமில்லாத போலிகள் வரிசையில் சேர்த்தார். அதன் தலைப்பைப் பாருங்கள். பன்னிரண்டு அப்போஸ்தலர் வழியாக ஆண்டவர் புறஜாதியாருக்கு அருளிய போதனை என்று போட்டுக்கொண்டு வருகிறது. பன்னிரண்டு பேரில் ஒருவரும் இதில் ஒரு வரிகூட எழுதவில்லை. கள்ள அப்போஸ்தலனை வாசலிலேயே பிடிப்பது எப்படி என்று சொல்லிக்கொடுக்கிற புத்தகம், தானே அப்போஸ்தலர் பெயரைச் சொல்லிக்கொண்டுதான் கதவைத் தட்டுகிறது. 367-இல் அத்தனாசியுஸ், வேதமில்லை என்றாலும் புதிதாக வருகிறவர்கள் வாசிக்கலாம் என்று திண்ணையில் இடம் கொடுத்தார். பிறகு மெல்லக் காணாமல் போயிற்று.

1873-இல் கான்ஸ்டாண்டிநோபிளில் எருசலேம் மடத்து நூலகத்தில் ஃபிலோதெயோஸ் பிரியென்னியோஸ் என்ற பேராயர் ஒரு பழைய கையெழுத்துக் கட்டை எடுத்தார். அதில் கிளெமெந்தின் நிருபங்கள் முழுசாக இருந்தன. அந்தச் சந்தோஷத்தில் 1875-இல் அவற்றை அச்சிட்டார். அதே கட்டில் சில தாள்கள் தள்ளி டிடாக்கே முழுசாகப் படுத்திருந்தது. அது அச்சில் வர 1883 ஆயிற்று. 1056-இல் பிரதி எடுக்கப்பட்ட கட்டு அது. இரண்டு நாளைக்கு மேல் தங்காதே என்று எழுதி வைத்த புத்தகம், 817 வருஷம் பிறத்தியார் அலமாரியில் தங்கியிருக்கிறது. ரொட்டிகூடக் கேட்கவில்லை.

பிரதி எடுத்தவர் முடிவில் தன் பெயரைப் போட்டிருக்கிறார்: லேயோ. எழுத்தர், பாவி. தீர்க்கதரிசி, தியாகி, புதிய சாக்ரடீஸ் என்றெல்லாம் வந்து நின்ற இத்தனை பேருக்கு நடுவில் இப்படி அறிமுகம் செய்துகொண்டவர் இவர் ஒருவர்தான். இவர் தட்டியிருந்தால் அந்தச் சீரிய வீட்டம்மா ஒன்றும் கேட்டிருக்கமாட்டாள். பானையிலிருந்து இன்னொரு கை மாவு அள்ளிப் போட்டிருப்பாள்.